முள் இல்லாத வண்டியும் பெட்ரோல் அளவும்

மோட்டார் சைக்கிள் ஏறுவோர் பலர். தம் வண்டியின் டேங்கில் இவ்வேளையில் எவ்வளவு பெட்ரோல் இருக்கின்றதென்று கேட்டால் தயங்காது விடை கூறத்தக்கவர் சிலரே. புதிய வண்டிகளில் அளவு காட்டும் முள்ளோ, விளக்கோ, எண்ணோ இருத்தலால் அவற்றை உடையோர்க்கு இக்கேள்வி எழுவதேயில்லை. ஆயினும் நமது கலாசாலையில் வேப்பமர நிழலிலே வரிசையாய் நிற்கும் வண்டிகளைச் சற்று நின்று நோக்குவோமாயின், தந்தையாரிடமிருந்தும் தமையனாரிடமிருந்தும் மாணவர் கைக்கு வந்த பழைய வண்டிகள் அவற்றிடையே இன்னும் உள்ளன என்பது விளங்கும். அவற்றிற் பலவற்றில் முள் இல்லை. முள் உள்ளவற்றிலும் பல, அசையாது ஒரே இடத்தில் நிற்கும் முட்களே. இத்தகைய வண்டியைக் கைக்கொண்டவர் பெட்ரோலின் அளவை அறிவது எங்ஙனம் என்பதையே இங்கே ஒருவாறு எழுதப் புகுந்தோம்.

இஃது அற்ப விஷயமன்றோ என்று சிலர் எண்ணலாம். பின்னிரவில் மூன்று மணிக்கு எழுந்து மல்லிகை மூட்டையை வண்டியிலே கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரும் குடியானவரைக் கேட்டால் அவர் அங்ஙனம் சொல்லமாட்டார். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை, மொட்டாக இருக்கும்வரையே விலை பெறுவது. வண்டி நடுவழியில் நின்று, விடியுமட்டும் பெட்ரோலுக்குக் காத்திருக்க நேர்ந்தால், அன்றைய கூலியும் பறித்தவர் உழைப்பும் போயின. இரவுப் பணிக்கு ஆஸ்பத்திரிக்குச் செல்லும் தாதியர்க்கும், விடியுமுன் பால் அளக்கச் செல்வோர்க்கும் இவ்வாறே. இவை யாவற்றினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. நான்குவழிச் சாலையிலே லாரியொன்றை முந்திச் செல்லும் அந்த நொடியில் யந்திரம் பெட்ரோலின்றித் திணறுமாயின், நட்டமாவது பணமன்று.

மோட்டார் வண்டிகளுக்கும் நம் நகருக்கும் உள்ள சம்பந்தம் பழையது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் தம் போக்குவரத்துத் தொழிலை 1911ஆம் ஆண்டில் மதுரையிலேயே தொடங்கினார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டுக் கிடைத்தற்கரியதாகிவிடவே, கரியை எரித்து அதன் வாயுவால் பஸ்களை ஓட்டும் கருவிகளை அவரது கம்பெனி செய்து கொடுத்தது. அதே குடும்பத்தாரின் தொழிற்சாலையினின்றும் 1980ஆம் ஆண்டில் ஓசூரில் வெளிப்பட்டதுதான் நம் பக்கத்துக் கிராமங்களிலெல்லாம் புல்லுக்கட்டும் பால்கேனும் சுமந்து புகழ்பெற்ற டி. வி. எஸ். 50 என்னும் சிறு வண்டி. அதன் டேங்க் மிகச் சிறியது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே அதற்கு ஊற்ற வேண்டும். பங்கிலே கைப்பிடியைச் சுற்றி அந்த எண்ணெயை அளந்து விட்ட காலம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். மற்றொரு புறம், 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா கம்பெனியார் சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கி வந்த புல்லட். அதன் முகப்பிலே வேகங்காட்டும் கருவி ஒன்றும், மின்னோட்டத்தைக் காட்டும் சிறு வட்டக் கருவி ஒன்றும் அமைந்திருந்தன. பெட்ரோலைக் காட்ட யாதொன்றும் இல்லை. 1985ஆம் ஆண்டு முதல் 1996 வரை வெளிவந்து, இன்றும் மதுரை இளைஞர் ஏங்கித் தேடும் யமஹா ஆர். எக்ஸ். 100 வண்டியும் அங்ஙனமே முள் இல்லாதது.

இது செய்தவர்களின் அசட்டையால் நேர்ந்ததென்று நாம் கருதவில்லை. மோட்டார் சைக்கிளின் டேங்க் ஓட்டுபவரின் கண்முன்னே உள்ளது; மூடியைத் திறந்தால் உள்ளே பார்க்கலாம். மேலும் டேங்குக்குள் மிதவையும் கம்பியும் வைத்தால், யந்திரத்தின் அதிர்ச்சியால் அவை விரைவில் பழுதாகும். இவற்றினும் முக்கியமாக, மின்சாரமும் வேண்டாது, கெடுவதற்கும் மிகுதியாய் இடமில்லாது, அளவை அறிவிக்கும் ஒரு கருவி டேங்கின் அடியிலேயே இருந்தது. அதுவே ரிசர்வ் உள்ள பெட்ரோல் டேப். ஒர்க்‌ஷாப்காரர்கள் அதனைக் காக் என்பர். எளிய பொருளைக் கொண்டு பெரிய காரியத்தை முடிக்கும் யந்திர நுட்பத்துக்கு இதனைக் காட்டிலும் சிறந்த உதாரணம் காண்பது அரிது என்பது நம் அபிப்பிராயம்.

அதன் அமைப்பைக் கூறுவோம். டேப்பினின்றும் டேங்குக்குள்ளே இரண்டு வழிகள் செல்கின்றன. ஒன்று, டேங்கின் தரைமட்டத்துக்குமேல் ஓரிரு அங்குலம் உயர்ந்து நிற்கும் ஒரு சிறு குழாய். மற்றொன்று, தரையை ஒட்டியே உள்ள துவாரம். டேப்பை ‘ஆன்’ என்னும் நிலையில் வைத்தால் பெட்ரோல் உயர்ந்த குழாயின் வாய் வழியாகவே இறங்கும். டேங்கிலுள்ள பெட்ரோலின் மட்டம் அக்குழாயின் வாய்க்குக் கீழே தாழ்ந்தவுடன் வரவு நின்றுபோகும். அடியிலே ஒரு லிட்டரோ ஒன்றரை லிட்டரோ தங்கியிருக்கும். அப்பொழுது ‘ரிசர்வ்’ என்னும் நிலைக்குத் திருப்பினால் தரையை ஒட்டிய துவாரம் திறந்து, தங்கியது இறங்கத் தொடங்கும். ‘ஆஃப்’ நிலையில் இரண்டும் அடைபடும். இவ்வளவே. தனியாக மற்றொரு டேங்க் எங்கோ ஒளிந்திருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருப்பது பிழை. இருப்பது ஒரே டேங்க், ஒரே பெட்ரோல். வாய் மட்டும் இரண்டு.

இனி, ரிசர்வ் விழுவதை உணர்வது எவ்வாறு? டேங்கிலிருந்து வரவு நின்ற கணத்திலேயே யந்திரம் நிற்பதில்லை. இடையிலே கார்புரேட்டரின் கிண்ணம் உண்டு. அதிலுள்ள மிதவை, பெட்ரோல் குறைந்தபோது ஊசியைத் தாழ்த்தி வழிவிட்டும், நிறைந்தபோது உயர்த்தி அடைத்தும், எப்பொழுதும் ஒரே மட்டத்தை வைத்துக் காக்கின்றது. மேலிருந்து வரவு நின்றபின் அக்கிண்ணத்தில் உள்ளதைக் கொண்டு வண்டி இன்னும் சிறிது தூரம் ஓடும். காலையில் டேப்பைத் திறக்க மறந்து புறப்படும் மாணவர் இதனை நன்கு அறிவர். கலாசாலை வாயிலில் குறையின்றிக் கிளம்பிய வண்டி, கோரிப்பாளையத்தைக் கடந்து, 1889இல் கட்டி முடிந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் நடுவிலே, பஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையிலே, சரியாக நின்றுவிடும்.

கிண்ணத்தின் மட்டம் தாழத்தாழக் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையே யந்திரத்துக்குள் போகும். ஆகவே முதல் அறிகுறி, கைப்பிடியை முறுக்கினால் வண்டி முன்போல் இழுக்காமை. சமநிலத்தில் மெல்லச் செல்லுகையில் ஒன்றும் தோன்றாது. மேட்டிலோ வேகத்திலோ தோன்றும். பின்னர் விட்டுவிட்டு இருமுவதுபோல் திணறும். டி. வி. எஸ். 50, ஆர். எக்ஸ். 100 முதலிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளிலே சில சமயம் நிற்பதற்குச் சற்று முன் யந்திரத்தின் ஒலி தானாக உயர்வதும் உண்டு. பழகிய செவி அவ்வொலியைக் கேட்டதும் கை டேப்பை நாடும். பிளக் கெட்டுப்போனாலோ மின்சாரக் கம்பி அறுந்தாலோ உண்டாகும் நிறுத்தம் இத்தகையதன்று. அது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி, விளக்கை அணைத்ததுபோல் நிகழும். இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர் வீணாகப் பிளக்கைக் கழற்றிக்கொண்டு சாலையோரத்தில் உட்காரமாட்டார்.

திணறல் தொடங்கியதும் செய்யத்தக்கது யாது? பழையோர் பலர் வேகத்தைக் குறையாமலே இடக்கையைத் தாழ்த்தி, கண்ணால் நோக்காமல், டேப்பைத் திருப்பிவிடுவர். டேப்பின் நிலையைத் தடவி அறிதல் இதற்கு இன்றியமையாதது. ஜப்பானிய முறையில் அமைந்த பல வண்டிகளில் கைப்பிடி கீழ்நோக்கியிருந்தால் ஆன், மேல்நோக்கியிருந்தால் ரிசர்வ், குறுக்கே இருந்தால் ஆஃப். ஆயினும் வண்டிக்கு வண்டி இது வேறுபடுவதால், சொந்த வண்டியில் நிறுத்திவைத்துப் பத்து முறையேனும் பழகிக்கொள்ளல் நலம். அவ்வாறு பழகாதவர் ஓடும் வண்டியில் குனிந்து தேடுதல் கூடாது. கிளட்சைப் பிடித்து, பின்னால் வருவோரைப் பார்த்து, இடப்புறம் ஒதுங்கி நின்ற பிறகே தொடுக. திருப்பியபின் கிண்ணம் நிறையச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து உதைத்துக்கொண்டே இருப்பதிற் பயனில்லை.

நிற்க. ரிசர்வில் திருப்புவதைக் காட்டிலும், பெட்ரோல் நிரப்பியபின் மீண்டும் ஆன் நிலைக்குத் திருப்புவதே முக்கியம். இதனை மறப்பவரே மிகுதி. மறந்தவரின் வண்டி அடுத்த முறை எவ்வித எச்சரிக்கையும் இன்றி அடிமட்டம்வரை குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் நிற்கும். அப்பொழுது திருப்புவதற்கு வேறு நிலை இராது. ஆதலால் பங்கிலே மூடியைப் பூட்டிச் சாவியை எடுக்கும் கையாலேயே டேப்பையும் தொட்டுப் பார்த்துவிடுதல் வேண்டும்.

ரிசர்வ் விழும்வரை காத்திராமல் முன்னரே அளவை அறிய விரும்புவோர் என் செய்வர்? மூடியைத் திறந்து பார்த்தல் எல்லோரும் அறிந்தது. ஆனால் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பெட்ரோல் முழுதும் இடப்புறமாய் ஒதுங்கி நிற்பதால் அப்பார்வை ஏமாற்றும். வண்டியை நிமிர்த்திப் பிடித்தே பார்த்தல் வேண்டும். வண்டியை இருபுறமும் மெல்ல ஆட்டிக் காதைக் கொடுப்பது மற்றொரு வழி. நிறைந்த டேங்க் அசைவின்றிக் கனக்கும். பாதி டேங்க் ‘தளக், தளக்’ என்று மந்தமாய் மோதும். அடியில் சிறிதே உள்ள பெட்ரோல் மெல்லிய கூர்மையான ஒலியோடு இங்குமங்கும் ஓடும். இதற்குப் பழக்கமே ஆசான். விரலால் டேங்கைத் தட்டிப் பார்த்து, ஒலி மாறும் இடத்தை மட்டம் என்று கூறுவோரும் உளர். குடத்துக்கு அது பொருந்தும். தடித்த தகட்டாலாகி வர்ணம் பூசிய டேங்குக்கு அவ்வளவு பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை.

இவற்றினும் நம்பத்தக்கது அளவுகோல். லாரியிலும் பஸ்ஸிலும் டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்த்த முறையே இது. சுத்தமான, சிம்பு இல்லாத ஒரு மெல்லிய மரக்குச்சியை எடுத்துக்கொள்க. டேங்க் ஏறத்தாழக் காலியாயிருக்கும்போது வண்டியை நேராக நிறுத்தி, ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியை நேரே நுழைத்து ஈரம் படிந்த இடத்தில் கத்தியால் கீறிக் குறியிடுக. குறிகள் ஒரே இடைவெளியில் அமையா. டேங்க் அடியில் குறுகியும் இடையில் அகன்றும் இருத்தலால், கீழ்க்குறிகள் விலகியும் மேற்குறிகள் நெருங்கியும் வரும். இதனைக் கண்டு ஐயுற வேண்டுவதில்லை. டேங்கின் வடிவத்தையே அக்குச்சி எழுதிக் காட்டுகின்றது. ஒன்று மட்டும் மறவற்க. பெட்ரோல், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி அளவான குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடுவது. இரவிலே டேங்குக்குள் பார்ப்பதற்குத் தீக்குச்சி கிழித்தவர்களைப் பற்றிய செய்திகள் சிரிப்பதற்கு உரியனவல்ல. கைவிளக்கைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தலே தகும். பீடி சிகரெட்டுடன் அருகில் நிற்பவரையும் அகன்று போகச் செய்க.

இனிக் கணக்குக்கு வருவோம். முள் இல்லாதவனுக்குக் கிலோமீட்டர் காட்டும் எண்களே முள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது நிச்சயமாய்த் தெரிந்தால் மற்றவை கூட்டல் கழித்தலே. புத்தகங்களில் கூறும் முறை, டேங்கை விளிம்புவரை நிரப்பி ஓட்டி, மறுபடியும் விளிம்புவரை நிரப்ப எத்தனை லிட்டர் ஆயிற்று என்று பார்ப்பது. மதுரையிலே மாணவர்க்கு இஃது உதவாது. நம்மவர் பெட்ரோலை லிட்டராக வாங்குவதில்லை. ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்குமாக வாங்குகின்றனர். நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் விற்கும் காலத்தில், டேங்க் விளிம்புவரை நிறைவதை ஆண்டு முழுதும் காணாத வண்டிகள் உண்டு.

அவர்களுக்கு ஏற்றது ரிசர்விலிருந்து ரிசர்வ்வரை எண்ணும் முறை. உயர்ந்த குழாயின் வாய் அசையாத ஒரு குறி. பெட்ரோலின் மட்டம் அதனைத் தொடும்போதெல்லாம் டேங்கில் இருப்பது ஒரே அளவுதான். ஆகவே ரிசர்வ் விழுந்த இடத்தில் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்க. 24,310 என்று வைத்துக்கொள்வோம். பிறகு பங்குக்குச் சென்று சரியாக இரண்டு லிட்டர் ஊற்றி, டேப்பை ஆன் நிலையில் வைத்து ஓட்டுக. அடுத்த முறை ரிசர்வ் விழும்போது எண் 24,406 ஆனால், இடைப்பட்ட 96 கிலோமீட்டருக்குச் செலவானது, ஊற்றிய அந்த இரண்டு லிட்டரே, லிட்டருக்கு 48. இங்கே பலர் செய்யும் பிழை, ரிசர்வ் விழுந்த இடத்தின் எண்ணை விட்டுப் பங்கிலே உள்ள எண்ணைக் குறிப்பது. ரிசர்வில் பங்குவரை வந்த தூரமும் கணக்கில் சேர வேண்டியதாதலின் அவ்வாறு குறித்தால் கணக்குத் தவறும். இம்முறையை மூன்று நான்கு முறை செய்து சராசரி எடுத்தால் விளம்பரங்கள் கூறும் எண்ணுக்கும் நம் வண்டியின் உண்மைக்கும் உள்ள தூரம் புலப்படும்.

ரிசர்வின் அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகம் போன பழைய வண்டியானால், ரிசர்வ் விழுந்த சமயத்தில் மெக்கானிக்கிடம் கூறி அடியிலுள்ளதை அளவுபாத்திரத்தில் வடித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் ரிசர்வும் 48 கிலோமீட்டர் மைலேஜும் உள்ள வண்டி, எண்ணளவில் 48 கிலோமீட்டர் ஓடும். ஆனால் அடியிலுள்ள கடைசிச் சிறு பங்கு குழாய்க்கு எட்டாது. பின்னால் ஓர் ஆள் ஏறியிருக்கலாம். வழியில் நின்று நின்று செல்ல நேரலாம். ஆதலால் 30 கிலோமீட்டர் என்றே கொள்வது விவேகம். இதனை நம் ஊர்ப்படத்தில் வைத்துப் பார்ப்போம். திருமங்கலமும் திருப்புவனமும் மதுரையினின்றும் 20 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக உள்ளவை. சோழவந்தானும் வாடிப்பட்டியும் அதற்குச் சிறிது அப்பால். மேலூர் ஏறத்தாழ 30. இவ்வூர்களுக்கு ரிசர்வில் புறப்பட்டாலும் சென்று சேரலாம். நத்தமும் உசிலம்பட்டியும் 40ஐ நெருங்குவன. மானாமதுரையும் அருப்புக்கோட்டையும் 50ஐ ஒட்டியவை. இவற்றுக்குப் போகிறவர் ரிசர்வை நம்பி நகரெல்லையைத் தாண்டுதல் தகாது. நெடுஞ்சாலையில் பங்குகள் நெருங்கி உள்ளன என்பது மெய்யே. ஆனால் உள்வழிகளில், அதுவும் கண்மாய்க்கரைப் பாதைகளில் இரவிலே, அவ்வாறன்று. பாட்டிலில் பெட்ரோல் விற்கப்படமாட்டாதென்று பங்குகளில் எழுதி வைத்திருப்பதால், நடந்து சென்று வாங்கி வருவதும் முன்போல் எளிதன்று.

கணக்கை மாற்றும் காரணங்கள் சில உண்டு. அவற்றுள் நம் பக்கத்தில் முதன்மையானது காற்று. ஆடி மாதத்தில் மேற்கே தேனிச் சாலையில் செல்வோர் ஆண்டிபட்டிக் கணவாயை அணுகும்போது எதிர்க்காற்றின் வலிமையை அறிவர். காற்றாலைகளை அப்பக்கத்தில் நிறுத்தியிருப்பது காரணமின்றி அன்று. போகும்போது ஆகும் பெட்ரோல் திரும்பும்போது ஆவதில்லை. அடுத்தது மலைவழி. திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டையூசி வளைவுகளோடு செல்லும் சிறுமலைச் சாலையில் ஏறுகையில் செலவு மிகும் என்பது சொல்லாமலே விளங்கும். பலர் அறியாதது இறக்கத்தின் தந்திரம். பெரும்பாலான வண்டிகளில் டேப் டேங்கின் பின்புறத் தாழ்விலே உள்ளது. ஏறும்போது பெட்ரோல் பின்னோக்கி ஒதுங்கி டேப்பின் மேல் திரளும். இறங்கும்போது முன்னோக்கி ஓடிவிடும். எனவே பெட்ரோல் குறைந்த வண்டி மலையுச்சிவரை குறையின்றி ஏறி, இறங்கத் தொடங்கியதும் ரிசர்வ் விழுதல் கூடும். சமநிலத்துக்கு வந்தால் அந்தப் பெட்ரோல் திரும்ப வரும். வெயிலைப் பற்றியும் ஒரு சொல்: பத்து லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 190 மில்லிலிட்டர் பெருகும். அக்கினி நட்சத்திரத்தில் கழுத்துவரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் மூடியின் வழியே கசிந்து வீணாவது இதனாலேயே.

டேங்கின் வடிவத்தில் உள்ள மற்றொரு விநோதம் சாலையில் நின்றுவிட்டவர்க்குப் பெரிதும் உதவுவது. நடுச்சட்டத்தின் மேல் குதிரைச் சேணம்போல் டேங்க் கவிழ்ந்து அமர்ந்திருப்பதால், அதன் அடிப்பகுதி வலம், இடம் என்று இரண்டு பள்ளங்களாகப் பிரிந்திருக்கும். டேப் ஒரு பள்ளத்தில் மட்டுமே இருப்பின், மட்டம் நடுமேட்டுக்குக் கீழே தாழ்ந்தபின் மறுபள்ளத்தில் உள்ளது அங்கேயே தங்கிவிடும். ரிசர்வும் தீர்ந்து வண்டி நின்ற பிறகு, மூடி இறுக அடைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, டேப் உள்ள பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால், அந்தப் பெட்ரோல் மேட்டைக் கடந்து இப்புறம் விழும். அடுத்த பங்குவரை போக அது பல சமயங்களில் போதும். பழைய பஜாஜ் ஸ்கூட்டரை ஒருபுறமாய்ச் சாய்த்துப் பிறகு உதைத்ததைக் கண்டவர்கள் இதனையும் அதனையும் ஒன்றாக எண்ணுவர். அங்கே சாய்ப்பது கார்புரேட்டருக்குப் பெட்ரோலைச் செலுத்துவதற்காக. இங்கே மறுபள்ளத்தைக் காலி செய்வதற்காக.

பெட்ரோல் இருந்தும் இல்லாததுபோல் வண்டி நடிப்பதும் உண்டு. டேங்கின் மூடியில் காற்றுப் புகுவதற்கு ஒரு நுண்ணிய துவாரம் இருக்கின்றது. பெட்ரோல் இறங்க இறங்க அவ்வழியே காற்று உட்புகுந்தால்தான் மேலும் இறங்கும். இளநீரின் ஒற்றைத் துவாரத்தைக் கவிழ்த்துப் பார்த்தவர் இதனை அறிவர். தூசியால் அத்துவாரம் அடைபட்டால் சில கிலோமீட்டர் ஓடியபின் ரிசர்வ் விழுந்தாற்போலவே திணறி நிற்கும்; சற்று நேரம் கழித்துத் தானே கிளம்பும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்குமாயின் ஐயமில்லை. ரிசர்வில் திருப்பிய பிறகே வண்டி நின்றுபோனால் குற்றம் வேறு. ஐப்பசி மழையில் மூடியைச் சுற்றித் தேங்கி உட்புகுந்த நீர், பெட்ரோலைவிடக் கனமானதாதலால் அடியிலே தங்கும். துருவும் அழுக்கும் அங்கேயே சேரும். உயர்ந்த குழாய் அவற்றைத் தொடாது; ரிசர்வின் வாய் தொடும். ரிசர்வை ஒருபோதும் உபயோகிக்காமல் காத்துவரும் சிலர், அது தேவைப்படும் நாளில் கைவிடப்படுவது இதனாலேயே. மாதத்துக்கு ஒரு முறையேனும் சிறிது தூரம் ரிசர்வில் ஓட்டி அந்த வழியைத் திறந்து வைத்திருத்தல் நன்று.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அன்று. 2025ஆம் ஆண்டிலே இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் என்னும் சாராயம் கலக்கும் நிலை எட்டப்பட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. அரசின் நிதி ஆயோக் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, பழைய முறையில் அமைந்த இருசக்கர வண்டிகளுக்கு இக்கலப்பால் மைலேஜ் நூற்றுக்கு 3 முதல் 4 வரை குறையுமென்று கணக்கிட்டது. ஆதலால் பத்தாண்டுகளுக்கு முன் தந்தையார் குறித்து வைத்த மைலேஜை இன்று அப்படியே நம்புதல் ஆகாது. மேற்கூறிய முறையில் புதிதாக எண்ணிக்கொள்ள வேண்டும். எத்தனாலோ நீரை ஈர்க்கும் இயல்பினது. நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலினின்றும் பிரிந்து அடியிலே படியும். விடுமுறைக்கு ஊர் சென்று இரண்டு மாதம் வண்டியை நிறுத்தி வைப்போர், மழைக்காலமானால், திரும்பிவந்ததும் ரிசர்வின் வழியே சிறிது வடித்துப் பார்த்துவிட்டு ஓட்டுதல் வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் தேதி முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைவிதி நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போயிற்று. பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி வந்தது. அதனோடு டேப்பும் ரிசர்வும் போயின. அவ்வண்டிகளில் டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்பு அமர்ந்திருக்கின்றது. தன்னைச் சூழ்ந்துள்ள பெட்ரோலாலேயே அது குளிர்ச்சி பெறுவதால், அடிமட்டம்வரை உலரவிட்டு ஓட்டுவது பம்புக்குக் கேடு. முள் பழுதான புதிய வண்டியை ஓட்டுவோர், பழைய வண்டிக்காரரைக் காட்டிலும் முன்னதாகவே பங்கை நாடவேண்டும் என்பது இதனால் பெறப்படும். அவர்க்குத் துணை, ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பூஜ்யமாக்கிக்கொள்ளும் பிரயாண மீட்டர் ஒன்றே.

பழைய வண்டியை விலைக்கு வாங்க எண்ணும் மாணவர்க்கு ஒரு குறிப்போடு நிறுத்துகிறோம். ஆண்டுகள் பல ஆனபின் டேப்பின் உயர்ந்த குழாய் அடியோடு முறிந்து விழுவதுண்டு. வண்டி ஓடும், குறை ஒன்றும் தோன்றாது. ஆனால் ஆன் நிலையிலேயே கடைசிச் சொட்டுவரை இறங்கிவிடும். ரிசர்வ் என்பது பெயரளவிலேயே இருக்கும். இதனைச் சோதிப்பது எளிது. திறந்தவெளியில், யந்திரம் ஆறிய பிறகு, டேங்கை முற்றும் வடித்துவிட்டு, கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, அரை லிட்டர் மட்டும் ஊற்றி, வண்டியை நேராகப் பிடித்துக்கொள்க. ஆன் நிலையில் ஒரு சொட்டும் வராமல், ரிசர்வில் திருப்பியதும் ஒழுகினால் டேப் நல்லது. ஆன் நிலையிலேயே ஒழுகினால் குழாய் முறிந்துவிட்டது. விலை பேசும்போதே புதிய டேப்புக்கு ஆகும் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். டேங்கை ஒரு முறை நிரப்புவதற்கு ஆகும் பணத்தை அது பெரும்பாலும் எட்டாது.